ஒரு குளிசைக்குப் பின்னால் மூன்று பெண்கள்

வைத்தியசாலையில் வரிசையில் நின்று, துண்டைக் கொடுத்து, சிறிய கடதாசி உறையில் குளிசைகளை வாங்கி வருகிறோம். காலையில் எத்தனை, இரவில் எத்தனை என்று உறையில் எழுதியிருப்பதைப் பார்க்கிறோம். குளிசையின் பெயரை எம்மில் அநேகர் வாசிப்பதில்லை. அதை யார் கண்டுபிடித்தார்கள் என்ற கேள்வி எமக்குள் எழுவதும் இல்லை. அப்படி எழுந்தாலும், 'யாரோ ஒரு வெள்ளைக்காரன், ஏதோ ஒரு பெரிய நாடு' என்ற நினைப்போடு முடிந்து விடுகிறது.

வாசக சகோதரிகளே, இம்மாதம் அப்படியான ஒரு குளிசையின் கதையை உங்களோடு பகிர்ந்து கொள்ள விரும்புகிறேன். அதன் பெயர் அசித்ரோமைசின். தொண்டை, காது, நெஞ்சுத் தொற்றுகளுக்கு வைத்தியர்கள் எழுதிக் கொடுக்கும் பற்றீரியாக் கொல்லி மருந்து இது. பல தொற்றுகளுக்கு நாளுக்கு ஒரு தடவையாக மூன்று நாள் அல்லது ஐந்து நாள் குடித்தால் போதும். இதைக் கண்டுபிடித்த நாடு பெரிய நாடல்ல. பரப்பளவில் எமது இலங்கையை விடச் சிறியது. 2021 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்குள்ள மக்கள் தொகை 40 இலட்சத்துக்கும் குறைவு. அந்த நாடு குரோஷியா. அதுவும் எம்மைப் போலப் போரைக் கண்ட நாடு. கண்டுபிடித்த குழுவில் இருந்த நால்வரில் மூவர் பெண்கள்.

நான் சமூகவியல் படித்தவள். இரசாயனவியல் எனக்குப் பாடசாலையோடு நின்றுவிட்ட பாடம். ஆனாலும் கிராமங்களில் தாய்மாரோடும் பிள்ளைகளோடும் வேலை செய்யும்போது இந்தக் கதையைப் பல தடவை சொல்லியிருக்கிறேன். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

விதவைத் தாயின் மகன்

குரோஷியாவின் கிழக்கு எல்லையில் டனியூப் நதிக்கரையில் வுகோவார் என்றொரு நகரம் இருக்கிறது. 1887 ஆம் ஆண்டு அங்கே பீப்பாய் செய்யும் தொழிலாளி ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர் லவோஸ்லாவ் ருஷிச்கா. நான்கு வயதில் அவர் தந்தையை இழந்தார். தாய் தனது இரண்டு ஆண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஓசியெக் என்ற ஊருக்குப் போய், அங்கே அவர்களை வளர்த்துப் படிப்பித்தார். கணவனை இழந்த பெண் பிள்ளைகளோடு வேறு ஊருக்குப் போய் வாழ்க்கையை முதலில் இருந்து தொடங்குவது எப்படி என்பதை உங்களில் பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அந்த மகன் ஜேர்மனியில் இரசாயனவியல் படித்து, சுவிட்சர்லாந்தில் பேராசிரியரானார். 1939 ஆம் ஆண்டு இரசாயனவியலுக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அவர் ஆராய்ந்த பொருட்களில் எமக்கும் தெரிந்த இரண்டு உண்டு. ஒன்று கஸ்தூரி, மற்றையது புனுகு. இவற்றின் வாசனைக்குக் காரணமான மூலக்கூறுகள் பெரிய வளைய வடிவானவை என்பதை அவர் 1926 ஆம் ஆண்டளவில் காட்டினார். கஸ்தூரியின் வாசனைப் பொருளில் 15 காபன் அணுக்கள் கைகோர்த்து ஒரு வட்டமாக நிற்கின்றன. அவ்வளவு பெரிய வளையங்கள் நிலைத்திருக்க மாட்டா என்றே அதுவரை இரசாயனவியலாளர்கள் நம்பியிருந்தார்கள். இந்தப் '15' என்ற இலக்கத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள். அது மீண்டும் வரும்.

விளாதிமிர் பிரெலொக் என்ற இன்னொருவர் 1935 ஆம் ஆண்டு தலைநகர் சாக்ரெப்பில் உள்ள பல்கலைக்கழகத்தில் கற்பிக்க வந்தார். வசதிகள் மிகக் குறைந்த ஆய்வுகூடம் அது. அவருக்கு உதவி செய்தது கஷ்டெல் என்ற சிறிய மருந்துத் தொழிற்சாலை. பதிலுக்கு அவர் தொற்று நோய்களுக்கான ஒரு மருந்தை மலிவாகத் தயாரிக்கும் வழியை அந்தத் தொழிற்சாலைக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தார். 1941 இல் உலகப் போர் அவருடைய நாட்டுக்குள் வந்தபோது அவர் சுவிட்சர்லாந்துக்குப் போய் ருஷிச்காவோடு சேர்ந்து கொண்டார். 1975 இல் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மருந்து செய்வதோடு மக்களின் சுகாதாரத்தைப் பற்றியும் அந்த நாட்டில் சிந்தித்தார்கள். வைத்தியர் அந்திரியா ஷ்தம்பார் கிராமம் கிராமமாகச் சுகாதார நிலையங்களை அமைக்கப் பாடுபட்டவர். 1927 இல் சாக்ரெப்பில் பொதுச் சுகாதாரக் கல்லூரி ஒன்று திறக்கப்பட்டதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. உலக சுகாதார ஸ்தாபனத்தின் முதலாவது மாநாடு 1948 இல் ஜெனீவாவில் கூடியபோது அதன் தலைவராகத் தெரிவு செய்யப்பட்டவரும் இவர்தான்.

பிரெலொக்குக்கு உதவிய அந்தச் சிறிய தொழிற்சாலை இரண்டாம் உலகப் போருக்குப் பின் யூகோஸ்லாவியா அரசின் கீழ் வந்து, 'பிளிவா' என்ற பெயரைப் பெற்றது. எமது கதையின் பெண்கள் வேலை செய்தது அங்கேதான்.

பதினான்கு மணி மாலையில் இன்னொரு மணி

அசித்ரோமைசினுக்கு ஒரு தாய் மருந்து இருக்கிறது. அதன் பெயர் எரித்ரோமைசின். பிலிப்பைன்ஸ் நாட்டு மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிர் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்ட இம்மருந்து 1952 இல் பாவனைக்கு வந்தது. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது பெரிய உதவியாக இருந்தது. ஆனால் இதில் சில சிக்கல்கள் இருந்தன. வயிற்றில் சுரக்கும் அமிலம் இந்த மருந்தை உடைத்துவிடும். உடைந்த துண்டுகள் வயிற்றுவலியையும் குமட்டலையும் உண்டாக்கும். மருந்து உடலில் அதிக நேரம் நிற்காதபடியால் ஒரு நாளைக்கு நான்கு தடவை வரை குடிக்க வேண்டும். கைக்குழந்தையும் அடுப்படியும் வயல் வேலையுமாக நிற்கும் பெண் ஒரு நாளில் நான்கு தடவை நேரம் பார்த்து மருந்து குடிப்பது நடக்கிற காரியமா?

பிளிவாவில் ஸ்லோபோதான் ஜோகிச் என்பவரின் தலைமையில் ஒரு சிறு குழு இந்தச் சிக்கலில் இறங்கியது. அவரோடு இருந்தவர்கள் கப்ரியேலா கோப்ரெஹெல், கோர்யானா ரடோபோல்யா லாசரெவ்ஸ்கி, ஸ்ரிங்கா தம்புராஷெவ் ஆகிய மூன்று பெண்கள். பெயர்கள் எமது வாயில் இலகுவாக நுழையாதவைதான். ஆனாலும் ஒரு தடவை உரத்து வாசித்துப் பாருங்கள்.

இவர்கள் செய்ததை ஒரு மாலையை வைத்து விளங்கிக் கொள்ளலாம். எரித்ரோமைசினின் மூலக்கூறில் 14 அணுக்கள் வட்டமாகக் கோர்க்கப்பட்டிருக்கின்றன. 14 மணிகள் உள்ள மாலை என்று வைத்துக்கொள்வோம். அமிலம் பட்டால் இந்த மாலையின் ஓரிடம் பலவீனமாகி, வடிவம் குலைந்து விடுகிறது. குழுவினர் அந்த இடத்தில் மாலையைத் திறந்து, நைதரசன் அணு ஒன்றைப் புதிய மணியாகக் கோர்த்து மீண்டும் மூடினார்கள். மாலையில் இப்போது 15 மணிகள். வுகோவாரில் பிறந்தவர் கஸ்தூரியில் கண்ட அதே இலக்கம்!

கேட்க இலகுவாக இருக்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளை ஒரு படியில் மாற்றி, சோதித்து, பிழைத்தால் திரும்பவும் தொடங்கி, இப்படிப் பல படிகளைத் தாண்டித்தான் அதைச் செய்ய முடியும். 1980 ஆம் ஆண்டு அசித்ரோமைசின் அவர்களின் கைக்கு வந்தது. வயிற்று அமிலத்துக்கு அது தாக்குப் பிடித்தது. இரத்தத்தில் இருந்து உடலின் தசைகளுக்குள்ளும் உறுப்புகளுக்குள்ளும் போய்த் தங்கியது. தொற்றை எதிர்க்க ஓடும் வெண்குருதிக் கலங்கள் இம்மருந்தையும் தம்மோடு சுமந்து, நோய் உள்ள இடத்துக்கே கொண்டு போயின. உள்ளே போன மருந்தில் பாதி வெளியேறவே ஏறத்தாழ 68 மணித்தியாலங்கள் எடுக்கும். ஆகவேதான் மூன்று நாள் குடித்து நிறுத்திய பின்பும் அது தொடர்ந்து சில நாட்களுக்கு வேலை செய்கிறது.

கண்டுபிடிப்பின் உரிமையைப் பதிவு செய்யும் ஆக்கவுரிமைப் பத்திரம் 1981 இல் யூகோஸ்லாவியாவில் கோரப்பட்டது. அமெரிக்காவில் 1985 இல் வழங்கப்பட்ட பத்திரத்தில் முதலாவதாக இருக்கும் பெயர் கப்ரியேலா கோப்ரெஹெல். ஒரு பெண் செய்த வேலை அவளுடைய பெயரிலேயே எழுதப்பட்டிருக்கிறது. நாற்று நட்டாலும், மீன் வெட்டினாலும், தையல் இயந்திரத்தில் குனிந்திருந்தாலும், பதிவுப் புத்தகத்தில் வீட்டு ஆணின் பெயரே எழுதப்படுவதைப் பார்த்துப் பழகிய எமக்கு இது சிறிய விடயமாகத் தெரிய முடியாது.

மருந்து ஒரு பக்கம், போர் ஒரு பக்கம்

அமெரிக்காவின் ஃபைசர் என்ற பெரிய மருந்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இந்தப் பத்திரங்களைத் தேடி வாசித்து, இதன் பெறுமதியை உணர்ந்தார்கள். 1986 இல் இரு நிறுவனங்களும் ஒப்பந்தம் செய்து கொண்டன. பிளிவா தனது சந்தையில் 'சுமாமெட்' என்ற பெயரில் 1988 இல் மருந்தை வெளியிட்டது. அமெரிக்காவில் 'சித்ரோமக்ஸ்' என்ற பெயரில் விற்பதற்கு 1991 நவம்பர் மாதம் அனுமதி கிடைத்தது.

அதே 1991 நவம்பரில்தான் வுகோவார் நகரம் வீழ்ந்தது. அவ்வாண்டு ஜூன் மாதம் குரோஷியா யூகோஸ்லாவியாவில் இருந்து பிரிவதாக அறிவித்ததன் பின் போர் மூண்டது. ஏறத்தாழ மூன்று மாதங்கள் முற்றுகைக்குள் இருந்த வுகோவாரில் கூரையுள்ள வீடுகளைத் தேட வேண்டியிருந்தது. வைத்தியசாலை நிலக்கீழ் அறைகளில் இயங்கியது. நகரம் வீழ்ந்த பின் அந்த வைத்தியசாலையில் இருந்து கொண்டு செல்லப்பட்ட இருநூறுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். ருஷிச்கா பிறந்த வீடும் சேதமடைந்து பின்னர் திருத்தப்பட்டது. 1995 ஆகஸ்டில், போரின் இறுதிக் கட்டத்தில், குரோஷியாவில் வாழ்ந்த சேர்பிய மக்கள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் உழவு இயந்திரங்களிலும் வண்டிகளிலும் ஏறி ஊரை விட்டுப் போனார்கள். எந்தப் பக்கமாக இருந்தாலும் மூட்டையைக் கட்டியவர்களும் பிள்ளைகளைத் தூக்கியவர்களும் பெண்களே.

காணாமற் போனவர்களின் தாய்மார் 1993 இல் சாக்ரெப்பில் ஒரு மதிலைக் கட்டத் தொடங்கினார்கள். கொல்லப்பட்ட, காணாமற் போன ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு செங்கல். கல்லில் அவருடைய பெயர். இதைப் பற்றி வாசித்த அன்று, படத்தைக் கையில் ஏந்தி வீதியோரம் அமர்ந்திருக்கும் எமது அம்மாமாரின் முகங்களே என் கண்முன் வந்தன.

இத்தனைக்கும் நடுவில் அந்த மருந்துக்கான பங்குப் பணம் வெளிநாட்டில் இருந்து பிளிவாவுக்கு வந்துகொண்டிருந்தது. போர் முடிந்து ஒரு வருடத்தில், 1996 இல், அந்நிறுவனத்தின் பங்குகள் இலண்டன் பங்குச் சந்தையில் இடம் பிடித்தன. பின்னர் 2006 இல் ஓர் அமெரிக்க நிறுவனம் பிளிவாவை வாங்கியது. 2008 இல் அது இஸ்ரேலின் தேவா நிறுவனத்தின் கைக்கு மாறியது. ஆலை கை மாறியது. அமெரிக்காவில் ஆக்கவுரிமைக் காலமும் 2005 இல் முடிந்தது. இப்போது இந்தியா உட்படப் பல நாடுகள் இம்மருந்தைச் செய்கின்றன. எமது பாமசிகளில் அது வெவ்வேறு வியாபாரப் பெயர்களில் கிடைக்கிறது. பெட்டியில் உள்ள பெரிய எழுத்துப் பெயரின் கீழே சிறிய எழுத்தில் 'அசித்ரோமைசின்' என்று இருக்கும். அதுவே உண்மையான பெயர். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், அதே மருந்தை மலிவான விலையில் வாங்கவும் வாய்ப்பு உண்டு.

தாய்மாருக்குக் கிடைத்த பயன்

ட்ரக்கோமா என்றொரு கண் நோய் உண்டு. திரும்பத் திரும்பத் தொற்றி, இமையின் உட்புறத்தைத் தழும்பாக்கும். பின் இமை மயிர்கள் உள்நோக்கித் திரும்பி, கண்ணை உரசி உரசிப் பார்வையைப் பறித்துவிடும். சிறு பிள்ளைகளிடம் இந்தத் தொற்று அதிகம். அவர்களின் முகத்தைத் துடைத்து, அவர்களோடு படுத்து எழும்புகிற தாய்மாருக்கு அது மீண்டும் மீண்டும் தொற்றுகிறது. ஆகவே இந்நோயால் பார்வை இழக்கும் ஆபத்து ஆண்களை விடப் பெண்களுக்கு நான்கு மடங்கு வரை அதிகம் என உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது.

முன்பு ஆறு வாரங்களுக்குக் கண்ணில் களிம்பு பூச வேண்டியிருந்தது. அசித்ரோமைசின் வந்த பின் ஒரு தடவை குடித்தால் போதும் என்றாயிற்று. 1998 இல் தொடங்கிய திட்டத்தின் கீழ் ஃபைசர் நிறுவனம் இதற்காக இலவசமாகக் கொடுத்த மருந்து 100 கோடி வேளைகளைத் தாண்டிவிட்டது. மருந்தோடு முகம் கழுவ நீரும் மலசலகூட வசதியும் சேர்ந்தபோது நாடுகள் ஒவ்வொன்றாக இந்நோயை வென்றன. 2012 இல் ஓமான், 2018 இல் நேபாளமும் கானாவும், 2024 இல் இந்தியா இந்த வெற்றியை அடைந்தன.

பிரசவத்திலும் இம்மருந்தின் பயன் ஆராயப்பட்டது. இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் உட்பட ஏழு நாடுகளில் 29,000 க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2023 இல் வெளியானது. வலி தொடங்கிய நேரத்தில் ஒரு தடவை மட்டும் இம்மருந்து கொடுக்கப்பட்ட தாய்மாரில் 100 பேருக்கு 1.6 பேர் கடுமையான தொற்றுக்கு அல்லது மரணத்துக்கு ஆளானார்கள். கொடுக்கப்படாதவர்களில் அது 2.4 பேர். குழந்தைகளுக்கு வரும் தொற்றை அது குறைக்கவில்லை, தாயைக் காத்தது.

எமது வடபகுதிக்கும் இம்மருந்தோடு தொடர்பு உண்டு. பற்றைக் காடுகளில் விறகு பொறுக்கும்போதும் காணி துப்புரவாக்கும்போதும் கடிக்கும் மிகச் சிறிய உண்ணிகளால் உண்ணிக் காய்ச்சல் வருகிறது. கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு ஒன்று தெரியலாம். இதற்கு வழமையாக வேறொரு மருந்து கொடுப்பார்கள். கர்ப்பிணிகளுக்கு அது உகந்ததல்ல என்பதால் அவர்களுக்கு வைத்தியர்கள் அசித்ரோமைசினைக் கொடுக்கிறார்கள். காட்டுக்குப் போய் வந்த பின் காய்ச்சல் வந்தால், போன இடத்தையும் கர்ப்பமாக இருப்பதையும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மருந்தை மருந்தாக வைத்திருப்போம்

இவ்வளவு நல்ல மருந்தையும் நாமே கெடுத்துவிட முடியும். தடிமனுக்கும் சாதாரண சளிக்காய்ச்சலுக்கும் காரணம் வைரசு. வைரசை இம்மருந்து ஒன்றும் செய்யாது. 2020 இல் கொரோனா பரவியபோது உலகெங்கும் கோடிக்கணக்கானோர் இதை வாங்கிக் குடித்தார்கள். கொரோனாவுக்கு இதனால் பயன் இல்லை என்று பின்னர் நடந்த பெரிய ஆய்வுகள் காட்டின. தேவையில்லாமல் குடிக்கக் குடிக்க, பற்றீரியாக்கள் மருந்துக்குப் பழகிக் கொள்கின்றன. பிறகு உண்மையான நோய் வரும்போது மருந்து கைவிட்டுவிடும். ஆகவேதான் உலக சுகாதார ஸ்தாபனம் இதை அவதானத்தோடு பாவிக்க வேண்டிய மருந்துகளின் வரிசையில் வைத்திருக்கிறது.

வைத்தியர் எழுதித் தராமல் இதை வாங்காதீர்கள். சுகம் வந்துவிட்டது என்று இடையில் நிறுத்தாதீர்கள். மிச்சக் குளிசையை அயல் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். இருதய வருத்தம் உள்ளவர்கள் அதை வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள். சிலருக்கு இம்மருந்து இருதயத் துடிப்பின் ஒழுங்கைக் குழப்பக்கூடும்.

இந்தக் கதையை நான் சொல்வது ஏன்?

சாதாரண தரப் பரீட்சை முடிவுகள் வரும் காலத்தில் கிராமங்களில் ஒரே கேள்வியை அடிக்கடி கேட்கிறேன். "பொம்பிளைப் பிள்ளை விஞ்ஞானம் படிச்சு என்ன மிஸ் செய்யப் போகுது? பக்கத்துப் பள்ளிக்கூடத்திலை கலைப் பிரிவு இருக்குத்தானே?" கேட்கும் தாயைக் குறை சொல்ல என்னால் முடியாது. உயர்தர விஞ்ஞானப் பிரிவு எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை. பஸ் செலவு, ரியூசன் காசு, பிள்ளை இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டுமென்ற பயம், இவை எல்லாம் உண்மை. தனியே குடும்பத்தைச் சுமக்கும் ஒரு தாய்க்கு இவற்றில் ஒவ்வொன்றும் பாரம்தான்.

கலைப் பிரிவில் படித்து வந்தவள் நான். அது தாழ்ந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் விஞ்ஞானத்தில் ஆசையும் திறமையும் உள்ள பிள்ளையைப் பெண் என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்ப வேண்டாம். சாக்ரெப்பில் அந்த மூவரின் வீட்டாரும் அப்படி நினைத்திருந்தால், பிரசவ அறையில் காப்பாற்றப்பட்ட எத்தனை தாய்மாருக்கு இந்த மருந்து கிடைக்காமல் போயிருக்கும்?

இடம்பெயர்ந்தபோது நாம் வீட்டை விட்டோம், மாட்டை விட்டோம், நகையை வழியில் விற்றோம். படித்த படிப்பு மட்டும் கூடவே வந்தது என்று எமது மூத்தோர் சொல்வார்கள். ஓசியெக்கில் ஒரு விதவைத் தாயும் தன் பிள்ளைகளின் கையில் அதைத்தான் கொடுத்தாள்.

செலவைப் பற்றி யோசிப்பவர்கள் பாடசாலை அதிபரோடும் பிரதேச செயலகத்தில் உள்ள சமூக சேவை உத்தியோகத்தரோடும் கதைத்துப் பாருங்கள். மாதர் சங்கக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுங்கள். ஒரே திசையில் போகும் நான்கு பிள்ளைகள் சேர்ந்து போனால் செலவும் குறையும், பயமும் குறையும். கப்ரியேலா, கோர்யானா, ஸ்ரிங்கா என்ற பெயர்களை உங்கள் மகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். ஒரு மருந்தின் பத்திரத்தில் அவளுடைய பெயரும் எழுதப்படலாம் என்பதை அவள் முதலில் உங்களிடம் இருந்து கேட்கட்டும்.